கழுத்து நோயும் கடதாசி எண்ணும்

கழுத்திலே நோய் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. கழலை என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். அதனை அறியக் கருவியும் வேண்டியிருக்கவில்லை, கடதாசியும் வேண்டியிருக்கவில்லை. பார்த்த கண்ணே அறிந்தது. இன்றோ அந்நோய் கழுத்தை விட்டு நீங்கிக் கடதாசியிலே குடிபுகுந்துவிட்டது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எத்தனையோ வீடுகளில், அடையாள அட்டையோடும் கிளினிக் கொப்பியோடும் சேர்த்து மடித்து வைக்கப்பட்ட தாள் ஒன்றைக் காணலாம். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி. வரிக்கு ஓர் எண். எண்ணின் அருகே மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ ஓர் அம்புக்குறி. தைரொயிட்டுச் சுரப்பி பற்றிய இரத்தப் பரிசோதனை அறிக்கை அது.

நான் வைத்தியன் அல்லன். நெடுங்காலம் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்து இளைப்பாறியவன். ஆங்கிலம் வாசிப்பான், கொஞ்சம் உயிரியலும் அறிவான் என்ற அளவிலே அயலவர்கள் அந்தத் தாள்களை என்னிடம் கொண்டு வருகின்றார்கள். கிராமத்து ஆசிரியர் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வாசித்துச் சொல்வது எளிது. ஆனால் தாளில் உள்ள எண்ணும் எதிரே நிற்கும் மனிதரும் ஒருவரோடொருவர் ஒவ்வாமல் நிற்கும்போது யாது சொல்வது? அவ்வாறு ஒவ்வாத அறிக்கைகளைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

முதலில் நமது நாட்டின் கதையைச் சற்றுப் பார்ப்போம். அயடீன் குறைந்தால் கழலை வரும். அயடீன் கடலில் உண்டு. ஆகவே கடல் சூழ்ந்த தீவிலே கழலைக்கு இடமில்லை என்றுதான் எவரும் எண்ணுவர். உண்மை அவ்வாறன்று. டி. சி. வில்சன் 1954ஆம் ஆண்டிலும், மகாதேவா, சண்முகநாதன் ஆகிய இருவர் 1967ஆம் ஆண்டிலும் பிரித்தானியப் போசணைச் சஞ்சிகையில் இலங்கையின் கழலை பற்றி எழுதியுள்ளனர். நோய் மிகுந்திருந்தது மழை மிகுந்த தென்மேற்கு ஈரவலயத்தில். கடலைத் தொட்டுக் கிடக்கும் களுத்துறையிலும் அது மலிந்திருந்தது. பெருமழை மண்ணின் அயடீனைக் கழுவிச் செல்கின்றது என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. இங்கே ஒரு பொய்யெண்ணத்தையும் களைதல் வேண்டும். கடல் நீரைப் பாத்தியில் வற்றவைத்து எடுக்கும் உப்பில் இயற்கையாக எஞ்சும் அயடீன் மிகச் சொற்பமே. கடற்கரை மனிதருக்கு அயடீனைத் தந்தது உப்பன்று, மீன். அதனாலேதான் 1995ஆம் ஆண்டில், மனிதர் உண்ணும் உப்பு அனைத்திலும் அயடீன் சேர்க்க வேண்டும் என்று இலங்கையில் விதி செய்யப்பட்டது. கழலை குறையலாயிற்று.

ஆனால் ஒரு கதவை அடைத்தால் மற்றொன்று திறக்கும் போலும். 2000ஆம் ஆண்டில் பிரேமவர்தனவும் உடன் ஆய்வாளரும் இலங்கைப் பாடசாலை மாணவியரின் இரத்தத்தைச் சோதித்து, தம் தைரொயிட்டையே எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் அவர்களுள் எதிர்பாராத அளவு மிகுந்திருக்கக் கண்டனர். அயடீன்தான் காரணமோ என்ற வினாவைத் தம் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தனர். யப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ 1912ஆம் ஆண்டில் நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து விவரித்த நோயும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பிறபொருளெதிரி இருப்பது ஒன்று. சுரப்பி கெட்டிருப்பது மற்றொன்று. முன்னது இருந்தும் பின்னது வாராமல் ஆயுள் முழுதும் வாழ்வோர் பலர். எனினும் தாளிலே அந்தச் சொல்லைக் கண்ட தாய்மாரின் கலக்கத்தை யான் அறிவேன்.

இனி எண்களுக்கு வருவோம். எங்கள் பகுதியிலே வயற்காணி உடையவரைப் போடியார் என்போம். அவருடைய வயலை முன்னின்று செய்விப்பவர் முல்லைக்காரர். போடியார் வீட்டிலே இருப்பார். பட்டறையில் நெல் குறைந்தால் முல்லைக்காரருக்கு ஆள் மேல் ஆள் அனுப்புவார். நெல் நிரம்பியிருந்தால் பேசாதிருப்பார். நம் உடலிலே மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பியே போடியார். கழுத்திலுள்ள தைரொயிட்டு முல்லைக்காரர். நெல் என்பது தைரொக்சின் என்னும் ஓமோன். நான்கு அயடீன் அணுக்களைத் தாங்கியதால் அதனை ரி-4 என்பர். போடியார் அனுப்பும் ஆள்தான் தாளில் ரி.எஸ்.எச். என்று எழுதப்படுவது. ஆகவே ரி.எஸ்.எச். உயர்ந்தால் தைரொயிட்டு மந்தமாயிற்று என்றும், தாழ்ந்தால் அது மிகையாகச் சுரக்கின்றது என்றும் கொள்வர். தலைகீழாகத் தோன்றும் இந்த உறவே முதற் குழப்பம். 'எண் கூடியிருக்கு, ஆனா தைரொயிட் குறைஞ்சு போச்செண்டு சொல்றாங்களே!' என்று கேளாதவர் அரிது.

போடியார் சற்றுப் பதற்றக்காரர் என்பதையும் அறிதல் வேண்டும். நெல் சிறிது குறைந்தாலும் ஆள்களைப் பன்மடங்காக அனுப்புவார். ரி-4 பாதியாகக் குறைந்தால் ரி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு உயரக்கூடும் என்பது பழைய கணிப்பு. ஆதலால் 4இலிருந்து 6 ஆயிற்று என்பது பெரிய கூக்குரல் அன்று; ஒரு முணுமுணுப்பு. மேலும் அறிக்கையில் அச்சிடப்படும் எல்லை, பெரும்பாலும் லீற்றருக்கு 0.4 முதல் 4.0 மில்லி அலகு என்பது, எவ்வாறு வந்தது? நலமான மனிதர் பலரைச் சோதித்து, இரு முனைகளிலும் சிலரை ஒதுக்கி, நடுவிலுள்ள 95 விழுக்காட்டினரைக் கொண்டு வரையப்பட்ட கோடு அது. நலமான நூறு பேருள் ஐவர் கோட்டுக்கு வெளியே நிற்கும்படியாகவே கோடு கீறப்பட்டது! வயது முதிர முதிர மேலெல்லை உயர்வதும் உண்டு. இரவின் பிற்பகுதியில் ரி.எஸ்.எச். ஏறும், பிற்பகலில் இறங்கும். ஒரே மனிதரிடம், ஒரு நோயுமின்றி, ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே 40 விழுக்காடு வரை மாறினும் வியப்பில்லை. கடுங்காய்ச்சலிலோ வேறு பெருநோயிலோ கிடந்து எழுந்தவருக்கு, உடல் தேறும் வாரங்களில் அது தற்காலிகமாக 20 வரை ஏறியும் இறங்கலாம். எனவே சிறு மாற்றத்தைக் கண்டவுடன் ஆயுட்காலக் குளிசை தொடங்காமல், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி சோதிப்பதே முறை. ரி-4 இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் செல்லும். ஆகவே அதற்கு முந்திய அவசரச் சோதனை எதையும் உள்ளபடி காட்டாது. கருவுற்ற பெண்கள் மட்டும் இவ்வாறு காத்திருத்தலாகாது.

கருப்பத்தைச் சொன்னதால் ஒரு குறிப்பு. முதல் மூன்று மாதங்களில் கருவைக் காக்கும் ஓமோன் ஒன்று வெள்ளமெனப் பெருகும். அது ரி.எஸ்.எச்.இன் ஒன்றுவிட்ட சகோதரி. உருவத்தில் பாதி ஒன்றே. அந்தச் சகோதரி வந்து முல்லைக்காரரை ஏவுவதால் போடியாருக்கு வேலை குறைகின்றது, ரி.எஸ்.எச். தாழ்கின்றது. அது பெரும்பாலும் நோயன்று. கருப்பவதிக்கு உரிய எல்லை வேறு; தாளில் அச்சிடப்பட்டிருப்பதோ எல்லார்க்கும் பொதுவான எல்லை.

இவையெல்லாம் போடியாரும் முல்லைக்காரரும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளும் வீட்டின் கதைகள். பரிசோதனைச் சாலையே பொய் கேட்பதும் உண்டு.

எங்கள் ஊரில் ஒரு பெண், என்னிடம் படித்தவள். கலியாணப் பேச்சு முற்றிய வேளையில், களைப்பாக இருக்கின்றது என்று தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் கொடுத்தாள். ரி.எஸ்.எச். ஏறத்தாழப் பூச்சியம், ரி-4உம் ரி-3உம் எல்லையைக் கடந்து உயரம். தாளை மட்டும் பார்த்தால் தைரொயிட்டு வெறிகொண்டு சுரக்கும் கிரேவ்ஸ் நோய். மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்தி எட்டிவிட்டது. தாயார் அழுதபடி தாளை நீட்டினார். நான் தாளை விட்டுப் பிள்ளையைப் பார்த்தேன். அந்நோயில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தின்றாலும் மெலியும். இவள் அமைதியாக இருந்தாள். நாடி நிமிடத்துக்கு 74. மெலிவும் இல்லை.

"மகள், ஏதும் மருந்து குடிக்கிறியா?"

"மருந்து ஒண்டும் இல்ல சேர்."

"குளிசை, விற்றமின்?"

"கனடாவிலயிருந்து அக்கா அனுப்பினது. அது முடி கொட்டாம இருக்கிறதுக்கு."

போத்தலைக் கொண்டுவரச் செய்தேன். பயோட்டின், 10,000 மைக்கிரோகிராம் என்றிருந்தது. மனிதருக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு ஏறத்தாழ 30.

இந்தப் பயோட்டின் செய்யும் மாயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தைரொயிட்டுக்கு அது தீங்கு எதுவும் செய்யவில்லை. பரிசோதனைக் குழாயைத்தான் ஏமாற்றுகின்றது. பல ஆய்வுகூடப் பொறிகளில் சிறுசிறு மணிகள் உண்டு. அவற்றின் மேல் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதம் பூசப்பட்டிருக்கும். அப்புரதம் பயோட்டினைக் கண்டால் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே பொறி செய்தவர்கள், ரி.எஸ்.எச்.ஐப் பிடிக்கும் பிறபொருளெதிரி ஒன்றில் பயோட்டினை வாலாகக் கட்டிவிட்டனர். ஒளிரும் அடையாளம் பூண்ட இன்னொரு பிறபொருளெதிரியும் மறுபுறம் வந்து ரி.எஸ்.எச்.ஐப் பற்றும். வால் மணியில் மாட்டும், மாட்டாதவை கழுவப்படும், எஞ்சும் ஒளியை அளந்தால் ரி.எஸ்.எச்.இன் அளவு. வாவியிலே தூண்டில் போடுகிறவர் அறிவார்: வேண்டாத சிறுமீன்கள் இரையைக் கவ்விக்கொண்டால் பெரிய மீனுக்குத் தூண்டிலில் இடமில்லை. குளிசையால் இரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் முந்திச் சென்று மணிகளை நிரப்பிவிடுகின்றது. ரி.எஸ்.எச்.ஐப் பிடித்த கூட்டம் மாட்ட இடமின்றிக் கழுவுண்டு போகின்றது. ஒளி குறைவு, ஆகவே ரி.எஸ்.எச். குறைவு என்று பொறி எழுதுகின்றது.

ரி-4ஐ அளக்கும் முறையோ எதிர்மாறு. அது சிறிய மூலக்கூறு. இருபுறமும் பிடிக்க இடம் போதாது. ஆதலால் ஒளிரும் போலி ஒன்றோடு அதனைப் போட்டியிட வைப்பர். ஒளி குறைந்தால் உண்மையான ரி-4 மிகுதி என்பது கணக்கு. பயோட்டின் இங்கும் ஒளியைக் குறைக்கின்றது. ஆனால் இங்கே அது உயர்ந்த எண்ணாக எழுதப்படுகின்றது. ஒரே பொய், ஒரு வரியில் கீழ் அம்பாகவும் அடுத்த வரியில் மேல் அம்பாகவும் வந்து, இரண்டும் ஒன்றற்கொன்று சாட்சி சொல்கின்றன! கிரேவ்ஸ் நோயை உறுதிப்படுத்தும் பிறபொருளெதிரிச் சோதனையும் சில பொறிகளில் இதே போட்டி முறையானதால் அதுவும் பொய்ச்சாட்சி சொல்லும். 2016ஆம் ஆண்டில் செர்மனிய வைத்தியர்கள், பரம்பரை நோய்க்காகப் பயோட்டின் மிகுதியாகக் கொடுக்கப்பட்ட ஆறு குழந்தைகளிடம் இந்தப் போலிக் கிரேவ்ஸ் நோயைக் கண்டு எழுதினர். 2017 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகமும் எச்சரிக்கை விடுத்தது. இருதயத் தாக்கத்தைக் காட்டும் சோதனையும் இவ்வாறே ஏமாற்றப்பட்டு ஒருவர் இறந்த செய்தி அதில் உண்டு.

பிள்ளையின் வைத்தியருக்கு ஒரு குறிப்பு எழுதி, போத்தலின் மேல்தாளையும் இணைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் நிறுத்தினாலே பெரும்பாலும் போதும். அவர் ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி மறுபடி சோதிப்பித்தார். எல்லா எண்களும் எல்லைக்குள். களைப்புக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. கலியாணம் நடந்தது. குளிசையை மருந்தென்று அவள் சொல்லாதது அவள் குற்றமன்று. 'மருந்து குடிக்கிறாயா?' என்று கேட்டால், நம்மவர் நோய்க்குக் குடிப்பதை மட்டுமே எண்ணுவர். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் போத்தல்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

தைரொக்சின் குளிசை குடிப்பவரின் தாளில் வேறொரு புதிர் தோன்றும்: ரி.எஸ்.எச். உயரம், ரி-4உம் உயரம், அல்லது சரியான அளவு. நெல் நிரம்பியிருக்கப் போடியார் ஏன் கத்துகின்றார்? பெரும்பாலும் விடை எளிது. வாரக்கணக்கில் குளிசையை மறந்தவர், சோதனைக்கு முந்திய இரண்டு மூன்று நாள்களில் பயந்து ஒழுங்காகக் குடித்திருப்பார். ரி-4 உடனே ஏறும், ரி.எஸ்.எச். பழைய பஞ்சத்தை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கும். வெறுவயிற்றில் குடிக்க வேண்டிய குளிசையைப் பாலோடும், கோப்பியோடும், இரும்பு, கல்சியக் குளிசைகளோடும் சேர்த்து விழுங்குவோருக்கு மருந்து உடலிற் சேராது. அளவை மேலும் மேலும் கூட்டுவதற்கு முன் நேரத்தைக் கேட்டறிதல் நன்று. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு மாதத்தில் சிலருக்கு ரி.எஸ்.எச். சற்று உயர்வதும் இவ்வகையே. குளிசையை இரவு உறங்கப் போகும் வேளைக்கு மாற்றிக் கொடுக்கும் வைத்தியர்கள் உண்டு.

இதுவரை சொன்னவை வீண் அச்சம் தந்த எண்கள். அச்சம் தராத எண்ணே கொடியது.

என் மாமி முறையான ஒருவர் படுவான்கரையிலே வாழ்பவர். பல ஆண்டுகளாகக் குளிர் தாங்கமாட்டார். முகம் வெளிறி, புருவம் உதிர்ந்து, பேச்சு மெதுவாகி, எழுந்து நின்றால் தலை சுற்றும் என்பார். வயது என்றனர், இரத்தசோகை என்றனர். தைரொயிட்டாக இருக்கலாமென ஒருவர் ரி.எஸ்.எச். மட்டும் பார்த்தார். 2.1. எல்லையின் நட்டநடு. தைரொயிட்டில் குறையில்லை என்று தாள் மடிக்கப்பட்டது. அத்தாள் மூன்று ஆண்டு மடிந்தே கிடந்தது.

ஒருநாள் அவர் தம் கடைசிப் பிள்ளை பிறந்த கதையைச் சொன்னார். 1990களின் தொடக்கம். போர்க்கால இரவு. மண்முனைத் துறையில் இப்போதுள்ள பாலம் 2014ஆம் ஆண்டில் வந்தது. அந்நாளில் வாவியைக் கடக்க ஓடந்தான். இரவில் அதுவும் இல்லை. வீட்டிலேயே பிள்ளை பிறந்து, இரத்தம் பாயை நனைத்து நிலத்தில் ஓடிற்றாம். விடிந்த பின்னரே அக்கரை சேர்த்தார்கள். உயிர் தப்பியது.

"பிள்ளைக்குப் பால் குடுத்தீங்களா மாமி?"

"அந்தப் புள்ளைக்கு ஒரு சொட்டுப் பாலும் வரல்ல மருமகன். அதுக்குப் பிறகு எனக்கு மாதச் சுகமும் வரல்ல."

ஹரல்ட் ஷீஹன் என்ற ஆங்கில வைத்தியர் 1937ஆம் ஆண்டில் விவரித்த நிலை இது. கருப்ப காலத்தில் கபச்சுரப்பி பருத்திருக்கும். மகப்பேற்றில் இரத்தம் பெருவாரியாகப் போனால் அதற்கு ஊட்டம் நின்று சுரப்பி மடிந்துபோகும். பால் சுரக்கச் சொல்வதும், மாதவிடாயை ஏவுவதும், தைரொயிட்டை ஏவுவதும், உயிர் காக்கும் கோர்ட்டிசோலைச் சுரக்கச் சொல்வதும் அதுவே. ஒவ்வொன்றாக நிற்கும். பல ஆண்டுகள் செல்லும் வரை எவருக்கும் தெரியாமற் போவதும் உண்டு. போடியாரே படுக்கையிற் கிடக்கின்றார்; பட்டறை காலியானாலும் ஆள் அனுப்ப வலுவில்லை. ரி.எஸ்.எச். அதனாலேதான் 2.1. அமைதியான எண் அன்று அது, ஊமையான எண். பக்கத்தில் ரி-4ஐயும் வைத்துப் பார்த்தாலன்றி அந்த ஊமைத்தனம் வெளிப்படாது.

மட்டக்களப்பு நகரிலே வைத்தியரிடம் அழைத்துச் சென்று, பிள்ளைப்பேற்றுக் கதையை நான் ஆங்கிலத்திற் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு மாமியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். ரி-4 மிகத் தாழ்வு, கோர்ட்டிசோலும் தாழ்வு. அவர் முதலில் தைரொக்சின் கொடுக்கவில்லை. கோர்ட்டிசோல் இல்லாத உடலில் தைரொக்சினை முதலில் கொடுத்தால், அடங்கிக் கிடந்த உடல் விரைந்து எழ முயன்று உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே ஐதரோகோர்ட்டிசோன் முதலில். சில நாள் கழித்தே தைரொக்சின், சிறிய அளவில். இந்த ஒழுங்கு மாறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அவர் வழியில் நின்று மெல்லச் சொன்னபோது எனக்குக் கை குளிர்ந்தது.

மாமி தேறினார். முதல் மாதத்திலேயே போர்வையைக் கழற்றினார்; நான்காம் மாதம் அடுப்படியில் குரல் கேட்டது. ஆயினும் கடதாசி விடவில்லை. சென்ற ஆண்டு வேறோர் இடத்தில் இரத்தம் சோதித்தபோது ரி.எஸ்.எச். 0.1 என்று வந்தது. பக்கத்தில் கீழ் அம்பு. குளிசை கூடிப்போயிற்று, பாதியாகக் குறையுங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவருக்கு ரி.எஸ்.எச். எத்தனை தாழ்ந்தாலும் அதனால் அறியக்கூடியது எதுவுமில்லை. அளவிட வேண்டியது ரி-4 மட்டுமே. அது சரியாகவே இருந்தது. வைத்தியர் அதனைக் கண்டு, ஒரு சிறு தாளில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழ்திக் கையொப்பமிட்டார்: கபச்சுரப்பி செயலிழந்தவர், ரி.எஸ்.எச்.ஐக் கொண்டு மருந்தளவை மாற்றற்க. ஐதரோகோர்ட்டிசோனை எக்காரணத்தாலும் நிறுத்தற்க.

மாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்த வைத்தியசாலைக்குச் சென்றாலும் கிளினிக் கொப்பியைத் திறக்கும் முன்னே அந்தத் தாளை எடுத்து மேசை மேல் வைத்து, "முதல்ல இத வாசியுங்க" என்கின்றார்.